வண்டி ஓட்டவே மாட்டேங்குற பசங்க – வற்புறுத்தலாமா, விட்டுடலாமா?

#1 வானதி_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

பொண்ணுக்கு 18 முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. வீட்ல கார் இருக்கு, அவ அப்பா கத்துக்கொடுக்க தயாரா இருக்கார், லேர்னர்ஸ் லைசென்ஸும் எடுத்தாச்சு. மூணு தடவை அப்பாவோட போனா. மூணாவது தடவை போயிட்டு வந்து சாவியை மேசை மேல வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம ரூமுக்குள்ள போயிட்டா, அவ்ளோதான், அதுக்கப்புறம் வண்டி பக்கமே போகல. கேட்டா "எனக்கு தேவைப்படலம்மா"ன்னு மட்டும் சொல்றா. மத்த எதுலயும் பயப்படுற பொண்ணு இல்ல, மேடையேறி பேசுவா, தனியா ரயில் ஏறி போயிட்டு வருவா. இதுல மட்டும் ஏன் இப்படின்னு புரியல. அவ அப்பா ஒரு நாள் கோவத்துல "பயந்தாங்கொள்ளி"ன்னு சொல்லிட்டார், அன்னைலேர்ந்து வீட்ல இந்த பேச்சை எடுத்தாலே இறுக்கமாயிடுது.

நான் வண்டி கத்துக்கிட்டதே 34 வயசுல. அதுவரைக்கும் எங்க போகணும்னாலும் யாரையாவது கேட்டுட்டு நின்னேன். அவளுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது. அதே சமயம் அழுத்தி அழுத்தி இன்னும் வெறுத்துடுவாளோன்னும் இருக்கு. இதை கடந்து வந்தவங்க சொல்லுங்க.

#2 சக்கரம்77

வற்புறுத்துங்க அக்கா. நான் நேராவே சொல்லிடுறேன், நீச்சல் மாதிரி தான் இதுவும், பிடிக்குதா பிடிக்கலையான்னு கேட்டு கத்துக்குற விஷயம் இல்ல. எனக்கு 19 வயசு இருக்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆம்புலன்ஸுக்கு போன் போட்டா வர நேரமாகும்னாங்க, நான்தான் ஓட்டிட்டு போனேன். லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் கூட ஆகல, கை நடுங்கிட்டேதான் ஓட்டுனேன், ஆனா ஓட்டுனேன். அன்னைக்கு எனக்கு தெரியாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் யோசிக்கிறேன். என் பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் இதுல சாய்ஸே கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

#3 நிலா19

எனக்கு 19. நானும் ஓட்ட மாட்டேன்னு சொன்ன ஆள்தான், அதனால அந்த பக்கத்துலேர்ந்து சொல்றேன், யாரையும் காயப்படுத்த எழுதல.

எங்களை சோம்பேறின்னும் எல்லாம் போன்லயே வந்துடுது அதான் இப்படின்னும் சொல்றாங்க. அது கொஞ்சம் இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நான் பின் சீட்ல உக்காந்து வளர்ந்தவ. பதினஞ்சு வருஷமா முன் சீட்லேர்ந்து நான் கேட்டது என்ன தெரியுமா, "பாரு எப்படி வர்றான் பாரு", "இந்த ரோட்டுல உயிரை கையில பிடிச்சுட்டுதான் போகணும்", "ஒரு செகண்ட் விட்டிருந்தா முடிஞ்சுது". ஒரு ஆக்ஸிடென்ட்டை தாண்டிப் போகும்போது அம்மா கையால என் கண்ணை மூடுவாங்க. இதெல்லாம் கேட்டு கேட்டு வளர்ந்துட்டு 18 வயசு ஆன மறுநாள் "போய் ஓட்டு, இதுல என்ன பயம்"னா எப்படி? பயத்தை கொடுத்ததும் நீங்கதான், பயப்படாதேன்னு திட்டுறதும் நீங்கதான்.

இன்னொண்ணு, எனக்கு நான் சாகுறது பத்தி பயம் இல்ல. என்னால இன்னொருத்தருக்கு ஏதாவது ஆயிடுமோங்குறதுதான். ரோட்டோரமா நடந்து போற ஒரு சின்ன குழந்தையை பாத்தாலே எனக்கு வயிறு பிசையும். இதை வீட்ல சொன்னா "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. ஒண்ணும் ஆகாதுன்னா ஏன் தினமும் செய்தில வருது?

#4 பழைய_டயர்

நாங்கல்லாம் ஸ்டியரிங்கை தொட மாட்டோமான்னு ஏங்குன தலைமுறை. நிறுத்தி வச்சிருக்குற வண்டில ஏறி உக்காந்து கியரை சும்மா மாத்திப் பாப்போம். இப்போ சாவியை கையில கொடுத்தாலும் வேண்டாங்குறாங்க, எனக்கு நிஜமாவே புரியல, வருத்தமாவும் இருக்கு. நிலா எழுதுனதை படிச்சதும் என் பேத்தி முன்னாடி நான் வண்டில என்னென்ன பேசியிருக்கேன்னு ஓட்டிப் பாத்தேன். நிறைய பேசியிருக்கேன்.

#5 கணக்கு_வாத்தியார்

இது உங்க வீட்டுல மட்டும் இல்ல வானதி மேடம். அமெரிக்கா மாதிரி கார் இல்லாம வாழவே முடியாதுன்னு சொல்ற ஊர்லயே 1983ல 16 வயசு பசங்கள்ல நூத்துக்கு 46 பேர் கிட்ட லைசென்ஸ் இருந்துச்சு, 2014ல அது நூத்துக்கு 25க்கும் கொஞ்சம் கீழ வந்துடுச்சு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல இதை கணக்கெடுத்து வெளியிட்டாங்க. 19 வயசுலயே 87லேர்ந்து 69க்கு இறங்கியிருக்கு. அதனால உங்க வளர்ப்புல ஏதோ குறைன்னு நினைக்காதீங்க. ஃபிரெண்ட்ஸை பாக்க வெளிய போயே ஆகணும்ங்குற கட்டாயம் குறைஞ்சது, வண்டி வச்சிருக்குற செலவு, லைசென்ஸ் விதிகள் இறுகுனது, இப்படி பல விஷயம் சேர்ந்து நடந்தது இது.

#6 கியர்மாஸ்டர்

நான் டிரைவிங் சொல்லிக்கொடுக்குற வேலைல 22 வருஷமா இருக்கேன். இந்த தலைப்பை பாத்ததும் மனசுல இருக்கறதை கொட்டணும்னு தோணிடுச்சு, மன்னிச்சுக்கோங்க, பெருசா போகும்.

அக்கா, "தேவைப்படல"ன்னு சொல்ற பசங்கள்ல பாதிப் பேருக்கு நிஜமாவே தேவைப்படல. மீதிப் பேருக்கு அந்த வார்த்தைக்கு அடியில ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கும். பொதுவா "பயம்" இல்ல, ஒரே ஒரு விஷயம். ஒருத்தனுக்கு ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னாடி உருளுமே அது. ஒரு பொண்ணுக்கு பின்னாடி நிக்குறவன் ஹாரன் அடிக்குறது. இன்னொரு பையனுக்கு எதிர்ல லாரி வந்தா ரோடு சின்னதாயிட்ட மாதிரி தெரியும். அந்த ஒண்ணை கண்டுபிடிச்சு அதை மட்டும் தனியா எடுத்து பழக்குனா மீதி தானா வந்துடும். கண்டுபிடிக்காம "தைரியமா ஓட்டு"ன்னு சொல்றதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நான் என்ன பண்ணுவேன்னு சொல்றேன். பயந்துட்டு வர்ற பசங்களுக்கு முதல் நாள் இன்ஜினையே ஸ்டார்ட் பண்ண மாட்டேன். சீட்டை சரி பண்ணுறது மட்டும்தான் பாடம். கிளட்சை முழுசா மிதிச்சப்புறமும் முட்டி லேசா மடங்கியே இருக்கணும், முதுகை சீட்ல சாய்ச்சபடி கையை நீட்டுனா மணிக்கட்டு ஸ்டியரிங்கோட மேல் விளிம்புல போய் உக்காரணும். நிறைய பசங்க அப்பா செட் பண்ணி வச்ச சீட்லயே உக்காந்து ஓட்டுறாங்க, கால் எட்டாம நுனி விரலால கிளட்சை மிதிக்குறாங்க, அது எப்படிங்க கன்ட்ரோல் வரும்? "எனக்கு வரல"ன்னு அவங்களே தங்களை குறை சொல்லிக்குவாங்க, பிரச்சனை சீட் நாலு விரக்கடை பின்னாடி இருந்ததுதான்.

ரெண்டாவது நாள் காலி மைதானம், சமதளமா இருக்கணும். ஆக்ஸிலரேட்டர் பக்கமே கால் போகக்கூடாது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை மெதுவா மெதுவா விட்டுட்டே வந்தா ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் லேசா இறங்கும், முன்பக்கம் கொஞ்சம் எழும்புற மாதிரி இருக்கும், பாதத்துல ஒரு சின்ன அதிர்வு வரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை நிறுத்தி வை, வண்டி தானா நகரும், நடந்து போற வேகம்தான் இருக்கும். அப்புறம் மறுபடி முழுசா மிதி, பிரேக் போடு, நிறுத்து. இதையே முப்பது நாப்பது தடவை. வேற ஒண்ணும் கிடையாது. வண்டி ஆஃப் ஆனா ஆகட்டும், அதனால வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, கிளட்சை கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டேன்னு கால் தெரிஞ்சுக்குற வழியே அதுதான். நாப்பதாவது தடவை பாருங்க, தோள்பட்டை ரெண்டும் காதுகிட்ட ஏறி இருந்தது கீழ இறங்கியிருக்கும். அதை பாத்தாதான் அடுத்த பாடத்துக்கு போவேன்.

அப்புறம் அப்பாக்கள். உங்க வீட்டுக்காரரை குறை சொல்லல அக்கா, என் வண்டில என் பக்கமும் பிரேக், கிளட்ச் ரெண்டும் இருக்கு, அதனால நான் அமைதியா இருக்க முடியுது. அவருக்கு பக்கத்து சீட்ல எதுவும் இல்ல, அதனால வாயாலதான் பிரேக் போட்டாகணும். அந்த சத்தம் பொண்ணு காதுல திட்டா விழுது. சொந்தப் புள்ளைக்கு நானே சொல்லிக்கொடுக்கல, கூட வேலை பாக்குறவர்கிட்டதான் அனுப்புனேன்.

#7 மாலைநேரம்

கியர்மாஸ்டர் அண்ணா சொன்ன அந்த "ஒரே ஒரு விஷயம்" எங்க வீட்ல எதுவா இருந்துச்சுன்னு சொல்றேன், யாருக்காவது உதவலாம்.

என் பையன் ஒரு வருஷம் முழுக்க தள்ளிப்போட்டான். நாலஞ்சு கிளாஸ் போனான், ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா போய் உரசுவான், சைட் மிரர் ரெண்டு தடவை மடங்குச்சு. கவனமே இல்லன்னு நாங்க எல்லாரும் சேர்ந்து திட்டுனோம். அப்புறம் தலைவலின்னு வேற காரணத்துக்கு கண் டாக்டர்கிட்ட போனப்போதான் தெரிஞ்சுது, ஒரு கண்ல பார்வை ரொம்ப கம்மி, சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு. மற்ற கண் நல்லா இருந்ததால யாருக்கும் தெரியல. அவனுக்கே தெரியல, எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சிருக்கான். டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்து "அப்போ நான் முட்டாள் இல்லையாம்மா"ன்னு கேட்டான். அந்த கேள்வியை என்னால இன்னைக்கும் மறக்க முடியல.

கண்ணாடி போட்டாச்சு, ஓட்டலாமான்னு டாக்டர்கிட்ட தனியா கேட்டு டெஸ்ட் எல்லாம் எடுத்து சரின்னு சொன்னதுக்கப்புறம் நிதானமா கத்துக்கிட்டான், தலையை திருப்பி பாக்குற பழக்கத்தை மட்டும் கூடுதலா வளர்த்துக்கிட்டான். தயவுசெஞ்சு பசங்க வேண்டாங்குறப்போ முதல்ல கண்ணை செக் பண்ணுங்க.

#8 சக்கரம்77

நிலா, நீ சொன்னது மனசுக்கு கஷ்டமாதான் இருந்துச்சும்மா, நானும் வண்டில அப்படித்தான் பேசுவேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படுறவங்க ஓட்டாம விட்டுட்டு, அந்த பயமே இல்லாதவங்க மட்டும் ஓட்டுனா ரோடு என்னத்துக்கு ஆகும்? உன்னை மாதிரி ஆள்தான் ஓட்டணும்.

#9 நிலா19

அண்ணா, இதை இப்படி யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. எல்லாரும் பயத்தை விடுன்னுதான் சொல்வாங்க. பயத்தை வச்சுக்கிட்டே ஓட்டலாம்னு சொன்னா அது வேற மாதிரி இருக்கு. ஆனாலும் உங்க பசங்களுக்கு சாய்ஸ் இல்லங்குறதை நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க ஏன் வேண்டாங்குறாங்கன்னு ஒரு தடவையாவது உக்காந்து கேளுங்க, நடுவுல பதில் சொல்லாம கேளுங்க.

#10 கணக்கு_வாத்தியார்

நிலா "ஒண்ணும் ஆகாதுன்னா ஏன் செய்தில வருது"ன்னு கேட்டிருந்தா, நியாயமான கேள்வி, மழுப்பக்கூடாது. 5 வயசுலேர்ந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு உலகத்துல முதல் காரணமே சாலை விபத்துதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11.9 லட்சம் பேர். அதனால பயப்படுற பசங்க தப்பா கணக்கு போடல. அந்த பயத்தை நம்பரா மாத்தி கையில கொடுக்கணும், அப்போ அதை வச்சு ஏதாவது பண்ண முடியும்.

என் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட நான் போடுற கணக்கு இது. 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 16.7 மீட்டர். குறுக்க ஒருத்தர் வந்தா அதை பாத்து மூளை புரிஞ்சுக்கிட்டு கால் பிரேக்குக்கு போக ஒன்றரை செகண்ட்னு வச்சுக்கோங்க, அதுக்குள்ளயே 25 மீட்டர் போயிருக்கும், இன்னும் பிரேக்கே பிடிக்கல. பிடிச்சப்புறம் காய்ஞ்ச ரோட்டுல நல்ல டயர் இருந்தா இன்னொரு 20 மீட்டர் ஆகும் நிக்க. மொத்தம் 45. இதையே 30ல போட்டா 12 சொச்சம் பிளஸ் 5, மொத்தமே 17, 18 மீட்டர்தான். வேகம் பாதியானா பிரேக் பிடிச்சப்புறம் ஓடுற தூரம் கால்வாசியாயிடும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல வர்றது. 15ல போனா ஏழரை மீட்டர், ரெண்டு காரை ஒட்டி நிறுத்துன நீளம் கூட இல்ல.

இதை போர்டுல போட்டப்போ கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, "அப்போ குழந்தைங்க இருக்குற தெருவுல நான் 15ல போனா என்னால நிறுத்த முடியும்"னு சத்தமா சொன்னா. கேள்வியா இல்ல, முடிவா. யாராவது ஓடி வந்தா என்ன பண்றதுன்னு அதுவரைக்கும் அவளுக்கு பதிலே இல்லாம இருந்துச்சு.

#11 தூரத்துமேகம்

எனக்கு 41. ஓட்டத் தெரியாது, இனிமே கத்துக்கவும் மாட்டேன். வலிப்பு இருக்கு, அதனால. 18 வயசுல அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு "இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு சொல்லியே காலத்தை ஓட்டுனேன், சொந்தக்காரங்க எல்லாரும் பயந்தவன்னே நினைச்சுட்டாங்க. ஓட்டாமலும் வேலை, குடும்பம் எல்லாம் நல்லாதான் போகுது. வற்புறுத்துங்கன்னு சொல்றவங்க இதையும் மனசுல வச்சுக்கோங்க, ஒரு பையன் வேண்டாங்குறதுக்கு பின்னாடி அவன் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கலாம்.

#12 வானதி_அம்மா

எல்லா பதிலையும் ரெண்டு தடவை படிச்சேன். நிலா சொன்ன மாதிரியே நடுவுல பேசாம கேக்கணும்னு முடிவு பண்ணிட்டு நேத்து ராத்திரி அவகூட மொட்டை மாடில உக்காந்தேன். ஓட்டுன்னு சொல்ல வரல, அந்த மூணாவது நாள் என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நானும் வாயை திறக்கல, அது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் சொன்னா. அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலையாம், உரசல் கூட இல்லையாம். "அப்பா திட்டவே இல்லம்மா. ஆனா அவர் வலது கால் கீழ விரிச்சிருக்குற மேட்டை மிதிச்சு மிதிச்சு அழுத்திட்டே இருந்துச்சு, கதவுக்கு மேல இருக்குற கைப்பிடியை விரல் வெளுக்குற அளவுக்கு பிடிச்சிருந்தார். நான் ரோட்டை பாக்கவே இல்லம்மா, அவர் காலைத்தான் பாத்துட்டே ஓட்டுனேன். வீடு வந்து சேர்ந்ததும்தான் உறைச்சுது, ரோட்டை பாக்காம நான் இவ்ளோ தூரம் ஓட்டியிருக்கேன்னு. அதான் இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணேன்."

எனக்கு பேச்சே வரல. இவ்ளோ நாள் பொறுப்பில்லாம தட்டிக்கழிக்குறான்னு நினைச்ச பொண்ணு, பொறுப்பா யோசிச்சுதான் நிறுத்தியிருக்கா.

அவர்கிட்ட சொன்னேன். அவருக்கு தான் காலை அழுத்துனதே தெரியல. ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு, எழுந்து போய் அவ ரூம் கதவை தட்டுனார். பயந்தாங்கொள்ளின்னு சொன்னதுக்கு அவகிட்ட என்ன சொன்னார்னு நான் கேட்டுக்கல, அது அவங்களுக்குள்ள.

கியர்மாஸ்டர் அண்ணா, வெளிய கிளாஸ்ல சேர்த்து விடலாம்னு இருக்கோம். சேர்க்கும்போது எதையெல்லாம் பாக்கணும்?

#13 கியர்மாஸ்டர்

படிச்சதும் கண் கலங்கிடுச்சு அக்கா. உங்க பொண்ணு நல்லா ஓட்டுவா, எனக்கு சந்தேகமே இல்ல. தான் எங்க பாக்குறோம்னு தனக்கே தெரியுற ஆள் ரொம்ப கம்மி.

பாக்க வேண்டியது, வண்டில டூயல் கன்ட்ரோல், அதாவது மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளட்ச், இருக்கணும், ஒரே நேரத்துல நாலு பசங்களை ஏத்திட்டு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஓட்ட விடுற இடமா இருக்கக்கூடாது, ஒரே மாஸ்டர் கடைசி வரைக்கும் வரணும். எத்தனை நாள்ல லைசென்ஸ் வாங்கித் தருவீங்கன்னு கேக்காதீங்க, மழைல, ராத்திரில, ஏத்தத்துல எத்தனை தடவை ஓட்ட வைப்பீங்கன்னு கேளுங்க. முதல் கிளாஸுக்கு முன்னாடி அந்த கால் விஷயத்தை அவளே மாஸ்டர்கிட்ட சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக்ல ஆரம்பிக்கணும்னு அவ ஆசைப்பட்டா அதுவும் தப்பில்ல, சில நாடுகள்ல ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் கொடுத்தா ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், அதை விசாரிச்சுக்கோங்க.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கூட ஆள் இருக்குற வரைக்கும் பசங்க பத்திரம், தனியா எடுத்துட்டு போற முதல் சில மாசம்தான் ஆபத்து அதிகம், கூட ஃபிரெண்ட்ஸ் ஏறுனா இன்னும் கூடுது. நியூசிலாந்துல 1987லயே இதுக்காக படிப்படியா லைசென்ஸ் கொடுக்குற முறை கொண்டு வந்தாங்க, முதல்ல கூட ஆள் இருக்கணும், அப்புறம் தனியா ஆனா ராத்திரி கூடாது, ஆளை ஏத்தக்கூடாது, கடைசியாதான் முழு லைசென்ஸ். உங்க ஊர் சட்டத்துல இல்லன்னாலும் வீட்ல நீங்களே அப்படி வச்சுக்கலாம். லைசென்ஸ் வந்த சந்தோஷத்துல முதல் வாரமே நாலு பேரை ஏத்திட்டு நெடுஞ்சாலைக்கு அனுப்பிடாதீங்க.

#14 சக்கரம்77

வானதி அக்கா, உங்க பதிவை என் பையனுக்கு படிச்சுக் காட்டுனேன். படிச்சு முடிச்சதும் "அப்பா, நீங்க காலை அழுத்த மாட்டீங்க, ஆனா ஒவ்வொரு சிக்னல்லயும் நாக்கை சப்பு கொட்டுவீங்க"ன்னு சொன்னான். இத்தனை மாசமா சொல்லாதவன் இன்னைக்கு சொன்னான். முதல் பதிவுல சாய்ஸே இல்லன்னு எழுதுனேன், கத்துக்கணும்ங்குறதுல இன்னும் மாறல, ஆனா எப்போ, யார்கிட்டங்குறதை அவனே முடிவு பண்ணட்டும்.

#15 வானதி_அம்மா

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். ஒரு லேடி மாஸ்டர் கிடைச்சாங்க. ஆறு கிளாஸ் முடிஞ்சுது. ரெண்டாவது கிளாஸ் முழுக்க மைதானத்துல ஹாஃப் கிளட்ச் மட்டும்தானாம், 31 தடவை ஆஃப் பண்ணேன்னு எண்ணி வச்சுட்டு வந்து சொன்னா, முகத்துல ஒரு வாட்டமும் இல்ல.

நேத்து சாயந்தரம் அவளே சாவியை எடுத்துட்டு வந்து "தெரு முனை வரைக்கும் போயிட்டு வரலாம், அம்மா நீ முன்னாடி உக்காரு, அப்பா பின்னாடி"ன்னா. போனோம். வளைவுல ஒரு பெரியவர் குறுக்க வந்தார், அவ ஏற்கனவே காலை பிரேக் மேல வச்சிருந்தா, மெதுவா நின்னுச்சு, அவர் தாண்டுற வரைக்கும் காத்திருந்து எடுத்தா. எடுக்கும்போது ஒரு தடவை ஆஃப் ஆச்சு. பின்னாடி ஒருத்தர் ஹாரன் அடிச்சார். அவ கியரை நியூட்ரலுக்கு தள்ளி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, அவசரப்படாம ஹாஃப் கிளட்ச்ல எடுத்துட்டா. பின் சீட்லேர்ந்து சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா அவர் செருப்பை கழட்டிட்டு ரெண்டு காலையும் மடக்கி சீட் மேல சம்மணம் போட்டு உக்காந்திருந்தார்.

ரிவர்ஸ் மட்டும் இன்னும் பிடிபடல, ஸ்டியரிங்கை எந்த பக்கம் திருப்புனா பின்பக்கம் எங்க போகும்னு குழம்புறா. கியர்மாஸ்டர் அண்ணா, அதுக்கு ஏதாவது சுலபமான வழி இருந்தா சொல்லுங்க.

#16 கியர்மாஸ்டர்

சம்மணம் போட்டது அருமை அக்கா, அவருக்கு என் வணக்கம் சொல்லுங்க.

ரிவர்ஸுக்கு, வண்டியோட பின்பக்கம் எந்த பக்கம் போகணுமோ ஸ்டியரிங்கை அதே பக்கம் திருப்பணும், அவ்ளோதான். கண்ணாடியை மட்டும் நம்பாம உடம்பை திருப்பி பின் கண்ணாடி வழியா பாக்க சொல்லுங்க. மைதானத்துல பத்தடி இடைவெளில ரெண்டு பழைய வாளியை வச்சுட்டு நடுவுல ஹாஃப் கிளட்ச்லயே பின்னாடி வர சொல்லுங்க, வாளியை இடிச்சா இடிக்கட்டும். ஒரு வாரம் பண்ணிட்டு எழுதுங்க.